எது சுத்தமான ஆங்கிலம்?

இலண்டன் வானொலியில் செய்தி வாசிப்பவர் பேசுவதே சுத்தமான ஆங்கிலம் என்று நம் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். அந்த எண்ணம் எங்கிருந்து வந்தது?

1917-ஆம் ஆண்டில் டேனியல் ஜோன்ஸ் என்னும் ஒலியியல் அறிஞர் ஆங்கில உச்சரிப்பு அகராதி ஒன்றை வெளியிட்டார். தென் இங்கிலாந்தில், ஆண்பிள்ளைகளைப் பெரிய விடுதிப் பள்ளிகளுக்கு அனுப்பிய குடும்பங்களின் பேச்சையே அதில் பதிவு செய்தார். அந்நாட்டு மக்களில் அவர்கள் ஒரு சிறு பகுதியினர்தாம். ஆயினும், அகராதியில் ஏறிய பேச்சுக்குத் தனி மதிப்பு வந்துவிடுகிறதல்லவா? 1926-இல் பி.பி.சி. தன் அறிவிப்பாளர்களின் உச்சரிப்புக்கு ஆலோசனை கூற ஒரு குழுவை அமைத்தது. ஜோன்சும் அதில் இருந்தார். வேடிக்கை என்னவென்றால், அன்று பி.பி.சி.யை நடத்திய ஜோன் ரீத் ஸ்காட்லாந்துக்காரர். பின்னர் அக்குழுவுக்குத் தலைமை ஏற்ற பெர்னாட் ஷா அயர்லாந்துக்காரர்!

1932-இல் பேரரசு ஒலிபரப்பு தொடங்கியபின் அந்தக் குரல் கடல் கடந்தும் ஒலித்தது.

போர்க்காலமான 1941-இல், யார்க்‌ஷயர் வட்டாரத்தைச் சேர்ந்த வில்ஃபிரட் பிக்கிள்ஸ் என்பவரைச் செய்தி வாசிக்க வைத்தார்கள். வட இங்கிலாந்துச் சாயல் அவர் பேச்சில் அப்படியே இருந்தது. செய்தி அதே செய்திதான். ஆனால் அவர் வாசித்தால் நம்பத் தோன்றவில்லை என்று குறை கூறியவர்கள் இருந்தனர். ஆங்கிலத்தைத் தாய்மடியில் கற்றவர்களே குரலைக் கொண்டு உண்மையை எடைபோட்டார்கள் என்றால், கரும்பலகையைப் பார்த்துக் கற்ற நம்மவரைச் சொல்ல வேண்டுமா?

நம் ரப்பர் தோட்டங்களையே எடுத்துக்கொள்வோம். அந்நாளைய துரைமாரில் ஸ்காட்லாந்துக்காரர் பலர். 'கார்', 'வாட்டர்' போன்ற சொற்களின் இறுதி ரகரத்தை இலண்டன் அறிவிப்பாளர் விழுங்கிவிடுவார். ஸ்காட்லாந்துக்காரர் நாக்கு அதிரச் சொல்வார். 'ஊர்', 'நீர்' என்று பேசிப் பழகிய நம் பிள்ளைகளும் அந்த ரகரத்தை விடுவதில்லை. துரை சொன்னபோது அது மிடுக்காகத் தெரிந்தது. தோட்டத்துப் பிள்ளை சொன்னபோது, "இங்கிலீசைத் தமிழாக்கிவிட்டான்" என்று சிரித்தவர்கள் உண்டு. அமெரிக்கரில் பெரும்பாலோரும் அந்த ரகரத்தை ஒலிக்கத்தான் செய்கிறார்கள். அவர்களைப் பார்த்து நம்மில் யாரும் சிரித்ததில்லை.

அந்தச் சிரிப்புக்கு அஞ்சி, விடை தெரிந்தும் ஆங்கிலப் பாடத்தில் எழுந்து நிற்காத பிள்ளைகளைத் தோட்டப் பள்ளிகளில் நாம் நிறையவே பார்த்திருக்கிறோம்.