சேற்றில் புதைந்த அமைதிப் பலிபீடம்

அல்குர்ஆனின் 30ஆவது அத்தியாயம் ரோமர்களின் பெயரைத் தாங்கியது. பூமியில் பயணம் செய்து, முன் வாழ்ந்தோரின் முடிவைக் காணுமாறு அந்த அத்தியாயம் நம்மை அழைக்கிறது. அதற்கான சான்றுகளுள் ஒன்று ரோம் நகரிலேயே உள்ளது.

கி.மு. 13இல் பேரரசர் அகஸ்டஸ் ஸ்பெயின், கால் பகுதிகளிலிருந்து திரும்பியபோது, ரோமின் ஆட்சிமன்றம் அவர் நிலைநாட்டிய அமைதியின் பெயரால் ஒரு பலிபீடம் எழுப்பத் தீர்மானித்தது. கி.மு. 9இல் அது அர்ப்பணிக்கப்பட்டது. ரோமர்கள் அமைதியை ஒரு பெண் தெய்வமாக உருவகித்தனர். ஆண்டுதோறும் அங்கே விலங்குகளைப் பலியிட்டனர். பளிங்குச் சுவரில் பேரரசரின் குடும்பத்தாரும் பூசாரிகளும் ஊர்வலமாகச் செல்வதைச் செதுக்கினர். அந்த அமைதியோ வாளால் வந்தது.

டைபர் ஆறு வெள்ளம்தோறும் வண்டலைக் கொண்டுவந்து சேர்த்தது. தரைமட்டம் உயர உயர, பீடம் மண்ணுக்குள் மறைந்தது. அதன் மேல் மாளிகை எழுந்தது. 1568இல் சில பளிங்குப் பலகைகள் வெளிப்பட்டன. அவை எதன் பகுதி என்பதை எவரும் அறியவில்லை. பல இடங்களுக்கும் சிதறின. 1879இல்தான் ஃபான் டூன் என்னும் ஜெர்மானிய அறிஞர் அவற்றை அடையாளம் கண்டார். 1903இல் தொடங்கிய அகழாய்வு நிலத்தடி நீரால் தடைப்பட்டது. 1937இல் பொறியாளர்கள் சுற்றியிருந்த ஈரமண்ணை உறையவைத்து, எஞ்சிய பகுதிகளை வெளியே எடுத்தனர். அவர்களது திறமையும் பொறுமையும் பாராட்டுக்குரியவை.

ஆனால் அந்த உழைப்பின் பயனை அறுவடை செய்ய முனைந்தவர் முசோலினி. தம்மைப் புதிய அகஸ்டஸாகக் காட்ட விரும்பிய அவர், 1938 செப்டம்பர் 23 அன்று, அகஸ்டஸின் ஈராயிரமாவது பிறந்தநாள் கொண்டாட்டத்தில் பீடத்தைத் திறந்துவைத்தார். ஐந்தாண்டு முடிவதற்குள் பதவி பறிபோனது. 1945இல் உயிரும் பறிபோனது. ஒரே கல் இரண்டு ஆட்சியாளர்களின் பெருமைக்குப் பயன்பட்டது. இருவரையும் அது காப்பாற்றவில்லை.

இத்தகைய சின்னங்களைப் பார்க்கும் நாம் மலைத்து நிற்கவும் வேண்டியதில்லை, ஏளனம் செய்யவும் வேண்டியதில்லை. படிப்பினை பெற்றால் போதும். அஸ்ஸலாம் என்பது அல்லாஹ்வின் திருப்பெயர்களுள் ஒன்று. ஒவ்வொரு தொழுகையின் முடிவிலும் வலப்புறமும் இடப்புறமும் திரும்பி நாம் ஸலாம் உரைக்கிறோம். அந்த அமைதிக்குப் பளிங்கு தேவையில்லை. நம் நாவாலும் கையாலும் பிறருக்குத் தீங்கு நேராமல் இருப்பதே அதன் அடையாளம். நம் இல்லங்களில் அது நிலைத்திருக்கிறதா என்று சிந்திப்போமாக.