சப்ரகமுவத் தோட்டங்களும் தூரிகையில்லா மோட்டரும்

இலங்கைத் தோட்டத் தொழிலின் வரலாறு பற்றி எழுதப்பட்டவை பெரும்பாலும் நிலத்தையும் கூலியையும் கங்காணி முறையையும் குடியுரிமைச் சட்டங்களையும் பொருளாகக் கொண்டவை. அது பொருத்தமானதே. ஆயினும் கொழுந்தைத் தேயிலையாக்கிய எந்திரங்களைச் சுழற்றிய விசை எங்கிருந்து வந்தது, அதனைத் தெரிந்தெடுத்தோர் யாவர், அது யாருக்குப் பயன்பட்டது என்னும் வினாக்கள் அதே அளவுக்கு எழுப்பப்படவில்லை. இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களை உள்ளடக்கிய சப்ரகமுவ மாகாணம் இவ்வினாக்களுக்கு விடை தேட ஏற்ற களமாகும். ஒரே வகை மோட்டர் இம்மாகாணத்தில் முதலில் தொழிற்சாலை எந்திரங்களைச் சுழற்றியது. பின்னர் தலைகீழாக இயங்கி ஓடைக்கரை வீடுகளில் விளக்கேற்றியது. அந்த மாற்றமே இங்கு ஆராயப்படுகின்றது.

ஜேம்ஸ் டெயிலர் 1867 இல் லூல்கந்துரையில் தேயிலை பயிரிட்ட தொடக்க காலத்தில் கொழுந்து கையாலேயே உருட்டப்பட்டது. வில்லியம் ஜாக்சன் ஆக்கிய உருட்டும் எந்திரங்களும், பெல்ஃபாஸ்ட் நகரத்துச் சாமுவேல் டேவிட்சன் ஆக்கிய 'சிரோக்கோ' உலர்த்திகளும் பரவியபோது மனிதக் கையின் வலு போதாதாயிற்று. சப்ரகமுவவில் நீருக்குக் குறைவில்லை. இரத்தினபுரியில் ஆண்டுக்கு 3,500 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெய்யும். களு கங்கை, களனி கங்கை, வளவை கங்கை ஆகிய மூன்றுக்கும் நீரூட்டும் ஓடைகள் இம்மலைச் சரிவுகளில் இறங்குகின்றன. எனவே நீர்ச்சில்லுகளும், அவற்றின் பின் டர்பைன்களும் தோட்டங்களில் இடம்பெற்றன. இங்கிலாந்தின் கெண்டல் நகரத்துக் கில்க்ஸ் நிறுவனத்தின் டர்பைன்கள் இலங்கைத் தோட்டங்களில் பெயர் பெற்றவை. நீர் போதாத இடங்களில் நீராவி எந்திரங்களும் எண்ணெய் எந்திரங்களும் அமைந்தன. 1912 இல் இரத்தினபுரியை எட்டிய களனிப் பள்ளத்தாக்குக் குறும்பாதைப் புகையிரதம் பாரமான பொருள்களின் போக்குவரத்தை எளிதாக்கியது.

அக்காலத் தொழிற்சாலையில் டர்பைன் சுழற்றியது ஒரேயொரு நீண்ட தண்டையே. கூரையின் கீழ் ஓடிய அத்தண்டிலிருந்து தோல் வார்ப்பட்டிகள் ஒவ்வோர் எந்திரத்துக்கும் இறங்கின. ஒன்றை நிறுத்த வேண்டின் பட்டியைக் கழற்ற வேண்டும்; ஓடும் பட்டியின் அருகே கையோ சேலையோ சிக்கினால் உயிருக்கே ஆபத்து. தொழிலாளர் வழக்கில் தொழிற்சாலை 'ஸ்டோர்' ஆயிற்று. சுழலும் சில்லு 'ரோதை' ஆயிற்று. மலையக மக்கள் வணங்கிய தெய்வங்களுள் ரோதமுனி என்றொரு தெய்வம் உண்டு. எந்திரத்தின் முன் நின்று உழைத்தவர் அதன் வலிமையையும் கொடுமையையும் எவ்வாறு உணர்ந்தனர் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

மின்சாரம் முதலில் வந்தது தைனமோ உருவில். தைனமோவில் சுழலும் சுருளுக்கும் அசையாத கம்பிக்கும் இடையே தொடர்பு ஏற்படுத்துபவை கரித்துண்டுகள். அவையே தூரிகைகள் எனப்படும். திசைமாற்றியின் மீது இவை உராய்கையில் தேயும், பொறி பறக்கும், கரித்தூள் படியும். தேயிலைத் தூசும் நார்ப்பொடியும் நிறைந்த காற்றில், நொதிக்கும் அறையின் ஈரத்தில், இத்தகைய பொறி எவ்வளவு பொருந்தாதது என்பது சொல்லாமலே விளங்கும். தூரிகையை ஒழிக்கும் வழியை 1880களில் ஐரோப்பாவும் அமெரிக்காவும் கண்டன. இத்தாலியின் கலிலியோ பெராரிசும், 1888 இல் உரிமைப்பத்திரம் பெற்ற நிக்கொலா தெசுலாவும் சுழலும் காந்தப்புலத்தை உருவாக்கிக் காட்டினர். 1889 இல் டொலிவோ-டொப்ரொவொல்ஸ்கி மும்முனைத் தூண்டல் மோட்டரைச் செய்தார். அணில்கூட்டை ஒத்த அதன் சுழலிக்கு வெளியிலிருந்து கம்பி எதுவும் செல்வதில்லை. காந்தப்புலமே அதில் மின்னோட்டத்தைத் தூண்டுகின்றது. தேய்வதற்கு அச்சுத்தாங்கியைத் தவிர வேறெதுவும் அதில் இல்லை எனலாம்.

இம்மோட்டர் தோட்டங்களில் ஆட்சிபெறுவதற்குப் பொது மின்வழங்கல் வழிசெய்தது. டி. ஜே. விமலசுரேந்திர 1918 இல் முன்வைத்த நீர்மின் திட்டம் மூன்று பதிற்றாண்டுகள் கழிந்த பின் 1950 இல் லக்சபானவில் நிறைவேறியது. 1969 இல் கித்துல்கலைக்கு அண்மையிலுள்ள பொல்பிட்டிய நிலையமும், 1992 இல் பலாங்கொடைப் பகுதியில் சமனலவௌ நிலையமும் இயங்கத் தொடங்கின. பொது மின்சாரம் கிடைத்த தொழிற்சாலைகளில் ஒற்றைத் தண்டின் இடத்தை எந்திரத்துக்கொரு மோட்டர் பிடித்தது. பழைய டர்பைன்கள் கவனிப்பாரற்றுத் துருப்பிடித்தன.

இங்கே ஒரு முரண்பாடு தோன்றுகின்றது. தொழிற்சாலைக்கும் துரையின் பங்களாவுக்கும் கிடைத்த ஒளி அவற்றுக்கு மிக அண்மையிலிருந்த லயங்களை எட்டவில்லை. மலையிறங்கிய உயரழுத்தக் கம்பிகள் லயக் கூரைகளின் மேலாகச் சென்றன. கூரையின் கீழோ குப்பி விளக்கு எரிந்தது. 1981 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டுக் காலத்திலும் தோட்டத்துறை வீடுகளில் மிகப் பெரும்பாலானவை மண்ணெண்ணெயையே நம்பியிருந்தன. அதே ஆண்டிலும் 1977, 1983 ஆம் ஆண்டுகளிலும் இம்மாகாணத் தோட்டங்களைத் தாக்கிய வன்செயல்களால் பல குடும்பங்கள் வன்னிக்கு இடம்பெயர்ந்தன என்பதையும் மறத்தலாகாது. இருளுக்குப் பொறியியற் காரணம் எதுவும் இருக்கவில்லை. மோட்டரைத் தெரிந்தெடுத்தோர் உற்பத்திச் செலவையே கணக்கிட்டனர். விளக்கு அக்கணக்கில் இடம்பெறவில்லை.

1973 ஆம் ஆண்டின் எண்ணெய் நெருக்கடி சிற்றோடைகளின் மதிப்பை மீண்டும் உணர்த்தியது. 1980களில் தோட்டங்களின் பழைய நீர்மின் அமைப்புகளைப் புதுப்பிக்கும் முயற்சிகள் நடைபெற்றன. அவற்றிற் பெற்ற தேர்ச்சி 1990களில் கிராமங்களுக்குச் சென்றது. உலக வங்கியின் கடனுதவியுடன் 1997 இலும் 2002 இலும் தொடங்கிய திட்டங்களின் கீழ் நாட்டில் நூற்றுக்கு மேற்பட்ட கிராமிய நீர்மின் அமைப்புகள் உருவாயின. அவற்றுட் பல இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களிலேயே அமைந்தன. சிறிய அமைப்புகளுக்கு மின்பிறப்பாக்கியாகத் தெரிந்தெடுக்கப்பட்டது பெரும்பாலும் புதிய கருவி எதுவுமன்று; தொழிற்சாலைகளில் ஓடிய அதே தூண்டல் மோட்டர்.

மின் எந்திரம் இருவழியிலும் இயங்கும் என்பது 1873 இல் வியன்னாக் கண்காட்சியில் கிராம் எந்திரத்தைக் கொண்டு காட்டப்பட்ட உண்மை. தூண்டல் மோட்டருக்கும் அது பொருந்தும். நான்கு முனைவுள்ள மோட்டரின் ஒத்தியங்கு வேகம், 50 ஏட்சு மின்னுக்கு, நிமிடத்துக்கு 1,500 சுற்று. மோட்டராக ஓடுகையில் அது சற்றுப் பின்தங்கி ஏறத்தாழ 1,450 சுற்றில் நிற்கும். வெளிவிசை ஒன்று அதனை 1,550 அளவுக்கு முடுக்கினால் அது மின்னை உண்பதை விட்டு மின்னைத் தரும். ஆனால் அதன் காந்தப்புலத்தை எழுப்பப் பொது மின்வழங்கல் அங்கில்லை. எனவே கொள்ளளவிகளைப் பொருத்துவர். சுழலியில் எஞ்சியிருக்கும் சிறிதளவு காந்தத்தன்மை அவற்றின் துணையால் வளர்ந்து முழு அழுத்தத்தை எட்டும். அக்காந்தத்தன்மை அழிந்துவிட்டால் ஒரு மின்கலத்தைச் சிறிது நேரம் தொடுத்து அதனை மீட்பர்.

வீடுகளுக்கு வேண்டியது ஒருமுனை மின், மோட்டரோ மும்முனையுடையது. ஒரு கொள்ளளவியை ஒரு முனைக்கும் அதன் இரட்டிப்பை மற்றொரு முனைக்கும் இட்டு இச்சிக்கலைத் தீர்த்தனர். அவ்வாறு செய்யும்போது மோட்டரின் குறித்த வலுவில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கே பெறலாம். இதனால் தேவைக்குச் சற்றுப் பெரிய மோட்டரைத் தெரிந்தெடுத்தலே முறை. எடுத்துக்காட்டாக, 40 மீற்றர் உயரத்திலிருந்து விநாடிக்கு 10 லீற்றர் நீர் வீழ்ந்து, அதன் ஆற்றலில் பாதி மின்னாயின் ஏறத்தாழ 2 கிலோவாற்று கிட்டும். வீட்டுக்கு 100 வாற்று வீதம் 20 வீடுகளுக்குப் போதும். அவ்வுயரத்தில் மோட்டரை நேரடியாகச் சுழற்ற ஏறத்தாழ 16 சென்ரிமீற்றர் விட்டமுள்ள பெல்ற்றன் சில்லே போதுமானது. இரவு விளக்குகள் அணைந்ததும் சுமை நீங்கிச் சில்லு கட்டுக்கடங்காது ஓடாதிருக்க, மிஞ்சிய மின்னை ஒரு சூடாக்கிக்குத் திருப்பும் இலத்திரன் கட்டுப்படுத்தியையும் சேர்த்தனர்.

வானொலி அலையால் செலுத்தும் சிறு மோட்டார் வண்டிகள் பலவற்றிலும் இன்று தூரிகையில்லா மோட்டர் இடம்பெறுகின்றது. அது தூண்டல் மோட்டரின் இளைய உறவு எனலாம். 1962 இல் வில்சன், ட்ரிக்கி என்போர் திசைமாற்றியின் வேலையை இலத்திரன் ஆளிகளிடம் ஒப்படைக்கும் முறையை வெளியிட்டனர். 1980களில் வந்த நியோடிமியக் காந்தங்கள் மோட்டரின் உருவைச் சுருக்கின. அங்கும் தெரிவு அதே வகையினது. வோற்று ஒன்றுக்கு 3,500 சுற்று எனக் குறிக்கப்பட்ட மோட்டர் 7.4 வோற்று மின்கலத்தில், சுமையின்றி, நிமிடத்துக்கு ஏறத்தாழ 26,000 சுற்றுச் சுழலும். பாரமான வண்டிக்கு அவ்வேகம் பயன்படாது; சுற்று எண் குறைந்த மோட்டரையோ தக்க பற்சில்லு விகிதத்தையோ நாடவேண்டும், இல்லையேல் சுருள் சூடேறிக் கருகும். அதன் அச்சைக் கையால் சுழற்றினால் முனைகளில் மின் பிறக்கும் என்பதைக் காணும் சிறுவன் வியன்னாக் கண்காட்சியின் உண்மையை மேசைமீதே கண்டவனாகின்றான்.

சப்ரகமுவக் கிராமங்களில் மின் நுகர்வோர் சங்கங்கள் இவ்வமைப்புகளை நடத்தின. உறுப்பினர் கால்வாய் வெட்டினர், குழாய் சுமந்தனர், மாதக் கட்டணம் செலுத்தினர். அதே ஓடையின் மேற்பகுதியில் வாழ்ந்த தோட்ட மக்களிடையே இத்தகைய சங்கங்கள் அந்த அளவுக்கு வேரூன்றாமையை உழைப்பின்மையாலோ அறிவின்மையாலோ நேர்ந்ததாகக் கொள்ளுதல் தவறு. தொழிற்சாலையில் மோட்டர் பழுதுபார்த்த கைகள் அவர்களுடையவையும் ஆகும். ஆனால் லயம் அவர்களுக்குச் சொந்தமன்று. ஓடை ஓடிய நிலமும் 1972, 1975 ஆம் ஆண்டுகளின் நிலச் சீர்திருத்தத்தின் பின் அரசினுடையது, 1992 முதல் பிராந்தியக் கம்பனிகளின் நிருவாகத்தில் உள்ளது. 1948 இல் பறிக்கப்பட்ட குடியுரிமை 1988 ஆம், 2003 ஆம் ஆண்டுச் சட்டங்களாலேயே எஞ்சியோருக்கு மீண்டது. கடன் பெறவும் குழாய் இறக்கவும் கம்பி இழுக்கவும் உரித்து வேண்டும். மோட்டர் மலிவானது, உரித்தே அரிதாயிற்று.

1990களின் பின் பொது மின்வழங்கல் லயங்களைப் படிப்படியாக எட்டியது. 2016 இல் நாடு முழுவதும் மின்மயமாயிற்று என அரசு அறிவித்தது. பொதுக் கம்பி வந்ததும் கிராமிய அமைப்புகள் பல கைவிடப்பட்டன. ஒரு சிலவற்றைப் பொது வலையுடன் இணைத்து மின்னை விற்கும் முயற்சியும் தொடங்கியது. அதில் தூண்டல் மோட்டருக்குக் கொள்ளளவி தரும் கிளர்வுகூட வேண்டியதில்லை, வலையே அதனைத் தருகின்றது.