ஃபார்ச்சூன் குக்கியின் வரலாறு

ஃபார்ச்சூன் குக்கி என்பது அமெரிக்காவிலுள்ள சீன உணவகங்களில் சாப்பாடு முடிந்ததும் பில்லோடு சேர்த்துக் கொடுக்கப்படும் மொறுமொறுப்பான இனிப்பு பிஸ்கட் ஆகும். பிறைபோல் மடிந்திருக்கும் இதன் உட்கூட்டில் ஒரு துண்டுச் சீட்டு இருக்கும். சீட்டில் ஆருடமோ அறிவுரையோ ஒரு வரி அச்சிடப்பட்டிருக்கும். மேசையைச் சுற்றி அமர்ந்திருப்பவர்கள் ஆளுக்கொன்றை எடுத்து உடைத்து, தங்களுக்கு வந்த வரியை மற்றவர்களுக்கு உரக்கப் படித்துச் சிரிப்பது வழக்கம். பிஸ்கட்டின் சுவையைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. சீட்டைப் படித்துவிட்டு பிஸ்கட்டைத் தட்டிலேயே விட்டுச் செல்பவர்களும் உண்டு.

ஆண்டுக்குச் சுமார் 300 கோடி ஃபார்ச்சூன் குக்கிகள் தயாராகின்றன. அவற்றில் பெரும்பகுதி அமெரிக்காவில் செய்யப்படுபவை. சீனாவில் இந்தப் பழக்கம் இல்லை. நியூயார்க்கைச் சேர்ந்த வொன்டன் ஃபுட் நிறுவனம் 1990-களின் தொடக்கத்தில் சீனாவில் இதை விற்க முயன்று கைவிட்டது. அங்குள்ளவர்களுக்கு அது அமெரிக்கப் பண்டமாகவே தோன்றியது. 14-ஆம் நூற்றாண்டில் மங்கோலிய ஆட்சிக்கு எதிராகக் கிளர்ந்த சீனர்கள் நிலாப் பணியாரங்களுக்குள் ரகசியச் செய்தி வைத்து அனுப்பினார்கள், அதுவே இதன் மூலம் என்று ஒரு கதை சொல்வார்கள். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அந்தப் பணியாரத்திற்கும் இந்த பிஸ்கட்டிற்கும் இடையே எந்தத் தொடர்ச்சியும் காட்டப்படவில்லை.

கியோத்தோவின் பிஸ்கட்

ஜப்பானின் கியோத்தோ நகரில் ஃபுஷிமி இனாரி என்ற புகழ்பெற்ற கோயில் இருக்கிறது. அதன் அருகிலுள்ள சில குடும்பக் கடைகளில் இதே வடிவில் ஒரு பிஸ்கட் சுடுகிறார்கள். பெயர் ‘சுஜியுரா செம்பே’. அமெரிக்க பிஸ்கட்டைவிடப் பெரியது, நிறம் கருமை கலந்த பழுப்பு. வெண்ணெயும் வெனிலாவும் இதில் கிடையாது. எள்ளும், மிசோ என்னும் புளித்த சோயா விழுதும் சேர்க்கப்படுகின்றன. சீட்டை உட்கூட்டில் வைக்காமல் வெளி மடிப்பில் செருகி வைப்பார்கள். ஆகவே ஆருடத்தோடு காகிதத்தையும் கடித்துவிடும் ஆபத்து இல்லை.

‘சுஜியுரா’ என்றால் நாற்சந்தியில் கேட்கும் குறி. அந்தி நேரத்தில் தெருச் சந்தியில் நின்று, வழிப்போக்கர் தற்செயலாகப் பேசும் சொல்லைத் தன் காரியத்திற்கான பலனாக எடுத்துக்கொள்வது பழைய ஜப்பானிய வழக்கம். தமிழில் இவ்வகை நற்சொல் கேட்டலுக்கு ‘விரிச்சி’ என்ற பழஞ்சொல்லே உண்டு. பின்னாளில் சந்தியில் நிற்கும் வேலையைச் சீட்டு எடுத்துக்கொண்டது.

இந்தத் தொடர்பை ஆதாரத்தோடு நிறுவியவர் யாசுகோ நகமாச்சி என்ற ஜப்பானிய ஆய்வாளர். பழைய அச்சு நூல்களில் பல ஆண்டுகள் தேடிய அவர், 1878-இல் வெளிவந்த ஒரு நூலில் படம் ஒன்றைக் கண்டெடுத்தார். அதில் ஒருவர் கரி அடுப்பின் மேல் வட்ட இரும்பு அச்சுகளை வரிசையாக வைத்து பிஸ்கட் சுடுகிறார். ‘சுஜியுரா செம்பே’ என்ற பெயரும் அதில் இருக்கிறது. கலிஃபோர்னியாவில் ‘நானே முதலில் செய்தேன்’ என்று சொல்லப்படும் காலங்கள் எல்லாவற்றுக்கும் முந்தியது இந்தப் படம்.

கலிஃபோர்னியாவில்

1894-இல் சான் ஃபிரான்சிஸ்கோவின் கோல்டன் கேட் பூங்காவில் ஒரு பெரிய கண்காட்சி நடந்தது. அதற்காக அமைக்கப்பட்ட ஜப்பானியத் தேநீர்த் தோட்டத்தைப் பிறகு பராமரித்து வளர்த்தவர் மகோட்டோ ஹகிவாரா என்ற ஜப்பானியக் குடியேறி. அங்கே வருபவர்களுக்கு அவர் தேநீரோடு இந்த பிஸ்கட்டையும் கொடுத்தார். தேவை கூடியபோது பென்க்யோடோ என்ற ஜப்பானிய இனிப்புக் கடை அதைச் செய்து கொடுத்தது. அமெரிக்க நாக்குக்கு ஏற்ப வெனிலாவும் வெண்ணெயும் சேர்த்தது தாங்கள்தான் என்பது அக்கடைக் குடும்பத்தார் கூற்று. லாஸ் ஏஞ்சலஸிலும் ஃபுகெட்சுடோ முதலிய ஜப்பானியக் கடைகள் இதைச் செய்தன. அதே நகரில் ஹாங்காங் நூடுல் கம்பெனி நடத்திய டேவிட் ஜங் என்ற சீனர் 1918 வாக்கில் இதைக் கண்டுபிடித்தார் என்ற உரிமைக் குரலும் உண்டு.

அக்காலத்தில் கலிஃபோர்னியாவின் சீன உணவகங்கள் பலவற்றை ஜப்பானியர்களும் நடத்தினார்கள். அமெரிக்க வாடிக்கையாளர்கள் சாப்பாட்டின் முடிவில் ஓர் இனிப்பை எதிர்பார்ப்பவர்கள். சீனச் சாப்பாட்டில் அப்படியொன்று கிடையாது. அந்த வெற்றிடத்தில் இந்த பிஸ்கட் வந்து உட்கார்ந்தது.

1942

1941 டிசம்பரில் ஜப்பான் பேர்ல் துறைமுகத்தைத் தாக்கியது. 1942 பிப்ரவரி 19 அன்று அதிபர் ரூஸ்வெல்ட் ஓர் ஆணையில் கையெழுத்திட்டார். அதன் விளைவாக மேற்குக் கரையில் வாழ்ந்த ஜப்பானிய வம்சாவளியினர் சுமார் 1,20,000 பேர் முள்வேலி முகாம்களுக்கு அனுப்பப்பட்டனர். இவர்களில் மூன்றில் இரு பங்கினர் அமெரிக்காவில் பிறந்த குடிமக்கள் என்பதை மாணவர்கள் கவனிக்க வேண்டும். வீடு, நிலம், கடை எல்லாவற்றையும் வந்த விலைக்கு விற்றோ பூட்டியோ போகவேண்டியதாயிற்று. பிஸ்கட் சுட்ட கடைகளும் மூடப்பட்டன. ஹகிவாரா குடும்பம் ஏறத்தாழ அரை நூற்றாண்டு வளர்த்த தோட்டத்திலிருந்து வெளியேற்றப்பட்டது. ‘ஜப்பானிய’ என்ற சொல்லை நீக்கித் தோட்டத்திற்கு ‘கீழை நாட்டுத் தேநீர்த் தோட்டம்’ என்று பெயர் வைத்தார்கள். பழைய பெயர் 1952-இல்தான் திரும்பியது. குடும்பம் அங்கே மீண்டும் குடியேற அனுமதிக்கப்படவில்லை.

இந்த இடைவெளியில் தயாரிப்பு சீன அமெரிக்கர்களின் கைக்கு வந்தது. அவர்களும் சுகமாக வாழ்ந்தவர்கள் அல்லர். 1882 முதல் சீனர் குடியேற்றத்தைத் தடுத்துவைத்த சட்டம் 1943-இல்தான் நீக்கப்பட்டது. பசிபிக் போர்முனைக்குச் சென்று திரும்பிய படைவீரர்கள் கலிஃபோர்னிய சீன உணவகங்களில் இந்தச் சீட்டு பிஸ்கட்டைச் சுவைத்தார்கள். சொந்த ஊர் போனதும் அங்குள்ள சீன உணவகங்களில் அதைக் கேட்டார்கள். அவர்கள் கேட்டது சீன பிஸ்கட்டைத்தான். வேறு பெயரில் அதை அவர்கள் அறிந்திருக்கவில்லை. கையால் மடிக்கும் வேலையை இயந்திரம் ஏற்ற பிறகு விலை குறைந்து நாடெங்கும் பரவியது.

1983-இல் சான் ஃபிரான்சிஸ்கோவில் வேடிக்கையாக நடத்தப்பட்ட ஒரு வரலாற்று வழக்குமன்றம், லாஸ் ஏஞ்சலஸின் உரிமையைத் தள்ளிச் சொந்த ஊருக்கே தீர்ப்பளித்தது. தீர்ப்பு எந்த ஊரில் சொல்லப்பட்டது என்பதே போதும்.

சீட்டின் வரிகள்

சீட்டில் எழுதுவது எளிதான வேலை அல்ல. ஒரே வரியில் சொல்ல வேண்டும். யாருக்கும் பொருந்த வேண்டும். யாரையும் புண்படுத்தக் கூடாது. வொன்டன் ஃபுட்டில் சுமார் 30 ஆண்டுகள் இதை எழுதியவர் டொனால்ட் லாவ். அலுவலகத்தில் அவருடைய ஆங்கிலமே மற்றவர்களுடையதைவிட நன்றாக இருந்ததால் இந்த வேலை அவரிடம் வந்ததாம். கடைசியில் புதிதாக எதுவும் தோன்றவில்லை என்று சொல்லி ஒதுங்கினார். 2007-இல் அந்நிறுவனம் சற்றுக் கடுமையான, எச்சரிக்கும் வரிகளையும் அச்சிட்டுப் பார்த்தது. வாடிக்கையாளர்கள் முகம் சுளித்தார்கள். நல்லது நடக்கும் என்று கேட்கத்தான் பிஸ்கட்டை உடைக்கிறார்கள்.

சீட்டில் லாட்டரி எண்களும் இருக்கும். 2005 மார்ச் 30 அன்று நடந்த பவர்பால் குலுக்கலில் இரண்டாம் பரிசுக்கு நான்கைந்து பேர் வருவார்கள் என்று எதிர்பார்த்த அதிகாரிகள், 110 பேர் வந்ததும் மோசடியோ என்று திகைத்தனர். விசாரித்தபோது ஒவ்வொருவராக, எண்கள் ஃபார்ச்சூன் குக்கியில் கிடைத்தவை என்றார்கள். ஐந்து எண்கள் சரி. ஆறாவது மட்டும் 42-க்குப் பதில் 40.

இந்தச் செய்தியைப் பின்தொடர்ந்து பிஸ்கட்டின் பூர்விகத்தைத் தேடியவர் ஜெனிஃபர் 8. லீ என்ற சீன அமெரிக்கப் பத்திரிகையாளர். தேடல் அவரை நகமாச்சியிடம் கொண்டுசேர்த்தது. 2008-இல் அவர் எழுதிய கட்டுரை வழியாகத்தான் 1878-ஆம் ஆண்டுப் படத்தை அமெரிக்க வாசகர் பலரும் அறிந்தனர். பென்க்யோடோ 2022-இல் மூடப்பட்டது. ஃபுகெட்சுடோ போருக்குப் பின் மீண்டும் திறக்கப்பட்டு, லாஸ் ஏஞ்சலஸின் ‘லிட்டில் டோக்கியோ’வில் இன்றும் நடந்துவருகிறது.