டுகோல்ஸ்கி, கூர்ட் (1890–1935)

கூர்ட் டுகோல்ஸ்கி ஜெர்மானியக் கவிஞர், அங்கத எழுத்தாளர், இதழாசிரியர். முதல் உலகப் போருக்குப் பின் அமைந்த வைமார் குடியரசில் படைச் செருக்கையும் நீதிமன்றங்களின் ஒருசார்பையும் அவரைப்போல் விடாமல் சாடியவர்கள் சிலரே. அச்சில் வந்த அவருடைய எழுத்து 1932-இன் இறுதியோடு ஏறத்தாழ நின்றுவிட்டது. எஞ்சிய மூன்றாண்டுகளின் சிந்தனை கடிதங்களில்தான் வாழ்கிறது. எனவே அவருடைய கடிதங்களை நூல்களுக்கு இணையான படைப்பாகவே கொள்ள வேண்டும்.

இளமை

பெர்லினின் மோவாபிட் பகுதியில் 1890 ஜனவரி 9 அன்று யூதக் குடும்பமொன்றில் பிறந்தார். தந்தை வங்கித் தொழிலில் இருந்தவர், 1905-இல் காலமானார். பள்ளி மாணவராக இருந்தபோதே, 1907-இல், ‘உல்க்’ என்னும் நகைச்சுவை இதழில் அவருடைய குறுங்கதை வெளிவந்தது. பேரரசர் இரண்டாம் வில்ஹெல்மின் கலை ரசனையைக் கேலி செய்த கதை அது. பெர்லினிலும் ஜெனீவாவிலும் சட்டம் பயின்று, யேனா பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றார். 1912-இல் வந்த ‘ரைன்ஸ்பெர்க்’ என்னும் காதல் கதை இளம் வாசகரிடையே அவருக்குப் பெயர் வாங்கித் தந்தது.

இதழ்ப்பணி

1913-இல் சீக்ஃப்ரீட் யாக்கப்சோன் நடத்திய ‘ஷௌபூனே’ நாடக இதழில் எழுதத் தொடங்கினார். இவ்விதழ் அரசியல் பக்கம் திரும்பி 1918-இல் ‘வெல்ட்பூனே’ எனப் பெயர் மாறியது. ஒரே இதழில் ஒருவரே பல கட்டுரைகள் எழுத வேண்டியிருந்ததால் இக்னாட்ஸ் வ்ரோபெல், பீட்டர் பான்டர், தியோபால்ட் டீகர் ஆகிய பெயர்களில் எழுதினார். போருக்குப் பின் காஸ்பர் ஹௌசரும் சேர்ந்தார். வ்ரோபெல் அரசியலில் சீறினார். பான்டர் நூல்களை மதிப்பிட்டார். டீகர் பெரும்பாலும் செய்யுள் எழுதினார். பெர்லின் கேபரே மேடைகளுக்கான பாடல்களும் அவர் கையிலிருந்து வந்தன.

1915-இல் படையில் சேர்க்கப்பட்டு கிழக்கு முனைக்கு அனுப்பப்பட்டார். கூர்லாந்தில் விமானப் பயிற்சிப் பள்ளியின் களப் பத்திரிகையை நடத்தினார். போரை நேரில் கண்ட அனுபவமே அவரை உறுதியான போரெதிர்ப்பாளராக்கியது. 1918 டிசம்பர் முதல் 1920 வரை ‘உல்க்’ இதழின் தலைமை ஆசிரியராக இருந்தார். மாணவப் பருவத்தில் எந்த இதழில் எழுதினாரோ அதே இதழ் அவர் பொறுப்புக்கு வந்தது. 1924-இல் செய்தியாளராகப் பாரிஸ் சென்றார். 1926 டிசம்பரில் யாக்கப்சோன் இறந்ததும் ‘வெல்ட்பூனே’யின் பொறுப்பை ஏற்றார்; ஆயினும் 1927-இல் அதைக் கார்ல் ஃபான் ஒசியட்ஸ்கியிடம் ஒப்படைத்துவிட்டு எழுத்துக்கே திரும்பினார். ஜான் ஹார்ட்ஃபீல்டின் ஒட்டுப்படங்களுடன் 1929-இல் ஜெர்மனியைப் பற்றி அவர் வெளியிட்ட நூல் கடும் எதிர்ப்பைக் கிளப்பியது.

சுவீடனும் வழக்கும்

1930 முதல் சுவீடனில் கோத்தன்பர்க் அருகேயுள்ள ஹிண்டோஸில் வாழ்ந்தார். 1931-இல் ‘வெல்ட்பூனே’யில் எழுதிய கட்டுரையொன்றில் போர்வீரர்களைக் கொலைகாரர்கள் என்றார். அதற்காக ஆசிரியர் ஒசியட்ஸ்கி மீது வழக்குத் தொடரப்பட்டது. 1932 ஜூலையில் அவர் விடுவிக்கப்பட்டார். நாஜிகளின் வன்முறைக்கு அஞ்சி டுகோல்ஸ்கி அவ்வழக்குக்கு வரவில்லை. 1933-இல் அவருடைய நூல்கள் எரிக்கப்பட்டன, குடியுரிமையும் பறிக்கப்பட்டது. ஒசியட்ஸ்கி வதைமுகாமில் அடைக்கப்பட்டார்.

கடிதங்கள்

டுகோல்ஸ்கியின் கடிதங்களில் இரு பெரும் தொகுப்புகள் உண்டு. கூர்லாந்தில் சந்தித்து 1924-இல் மணந்த மேரி கெரோல்டுக்கு எழுதியவை ஒன்று. இவை 1982-இல் நூலாயின. இம்மணம் 1933-இல் முறிந்தது. சூரிச் மருத்துவரான ஹெட்விக் முல்லருக்கு எழுதியவை மற்றொன்று. அக்கடிதங்களுடன் அவர் இணைத்தனுப்பிய நாட்குறிப்புத் தாள்கள் 1978-இல் தனி நூலாக வந்தன. ஐரோப்பிய வல்லரசுகள் ஹிட்லருக்கு விட்டுக்கொடுப்பதை அவற்றில் நாள்தோறும் கூர்ந்து குறித்திருக்கிறார். மூக்குநோய்க்கான அறுவைகளும் பணமுடையும் வாட்டிய நாட்களிலும் அந்தப் பார்வை மங்கவில்லை. ஒசியட்ஸ்கிக்கு நோபல் அமைதிப் பரிசு கிடைக்க வேண்டும் என்றும் பாடுபட்டார்.

1935 டிசம்பர் 15 அன்று எழுத்தாளர் ஆர்னால்ட் ஸ்வைக்குக்கு எழுதிய நீண்ட மடல், தோல்வியைத் தோல்வியென ஒப்புக்கொள்ளாத இடதுசாரிகள் மீதும் ஜெர்மானிய யூதர் மீதும் கடுமையாகப் பேசுகிறது. மேரிக்கு எழுதிய இறுதி மடலில், வழக்குக்கு வராததைத் தம் தவறாகவே ஒப்புக்கொண்டார். பிறரைச் சாடிய அளவுகோலால் தம்மையும் அளந்தவர் என்பதை இம்மடல்களே நிறுவுகின்றன. அவருடைய அங்கதத்தின் நேர்மைக்கும் இவையே சான்று.

மறைவும் தாக்கமும்

தூக்க மருந்தை அளவு மீறி உட்கொண்ட நிலையில் 1935 டிசம்பர் 21 அன்று கோத்தன்பர்க் மருத்துவமனையில் இறந்தார். தற்கொலை என்பது பரவலான கருத்து. தவறுதலாக நேர்ந்திருக்கலாம் என்போரும் உண்டு. கல்லறை மரீஃப்ரெட்டில் உள்ளது. 1935-ஆம் ஆண்டுக்கான நோபல் அமைதிப் பரிசு 1936-இல் ஒசியட்ஸ்கிக்கு அறிவிக்கப்பட்டது.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் மேரி, சிதறிக்கிடந்த எழுத்துகளைத் திரட்டி ஆவணகம் அமைத்தார். ஃப்ரிட்ஸ் ராடாட்ஸுடன் இணைந்து 1960 முதல் தொகுப்புகளைப் பதிப்பித்தார். 1996-இல் தொடங்கிய முழுப்பதிப்பு 22 தொகுதிகளில் நிறைவுற்றது; அவற்றில் பல கடிதங்களுக்கே உரியவை. போர்வீரர்கள் பற்றிய அவருடைய வாக்கியம் மீண்டும் வழக்குகளுக்குள்ளானபோது, தனிப்பட்ட படைவீரர்களைச் சுட்டாமல் பொதுவாகச் சொல்லப்படும் அத்தகைய கருத்துக்குப் பேச்சுரிமைக் காப்பு உண்டென ஜெர்மானிய அரசியலமைப்பு நீதிமன்றம் 1995-இல் தீர்ப்பளித்தது.