கூடைக்குள் வளர்ந்த சாத்தான்

வெள்ளைப் பூனை. உடம்பில் புள்ளிகள். 12 வயதுச் சிறுமி எலிசபெத்துக்கு அதைக் கொடுத்தவள் அவளுடைய பாட்டி. ஒரு கூடையில் படுக்க வைத்து, ரொட்டியும் பாலும் ஊட்டி வளர்த்தாள். பூனையின் பெயர் சாத்தான்.

கதையில்லை இது. 1566-ஆம் ஆண்டு இங்கிலாந்தின் எஸ்ஸெக்ஸ் பகுதியில், செல்ம்ஸ்ஃபோர்டு நகரில் நடந்த விசாரணையில் பதிவான வாக்குமூலம். சொன்னவள் எலிசபெத் பிரான்சிஸ், ஹாட்ஃபீல்டு பெவரல் கிராமத்துப் பெண். பூனை பேசியதாம். பணம் வேண்டும் என்று கேட்டபோது 18 ஆடுகளைக் கொண்டுவந்து மேய விட்டதாம். சில நாளில் அத்தனை ஆடும் மாயமாகிப் போயின. செய்த ஒவ்வொரு வேலைக்கும் கூலி, அவள் உடம்பிலிருந்து ஒரு சொட்டு ரத்தம்.

நம்மூரில் குட்டிச்சாத்தான் என்றால் சட்டென்று புரியும். மந்திரவாதி ஏவினால் போய் வேலையை முடித்து வருகிற ஆவி. இங்கிலாந்தில் அதை ‘ஃபெமிலியர்’ என்றார்கள். வீட்டு வேலையாள் என்று பொருள் தரும் லத்தீன் சொல்லோடு உறவுடைய பெயர். ஐரோப்பாவின் பிற நாடுகளில் சூனியக்காரி என்றால், நள்ளிரவில் பறந்துபோய்ப் பிசாசின் கூட்டத்தில் கலந்துகொள்பவள். இங்கிலாந்தின் பிசாசோ பூனையாக, தேரையாக, நாயாக வந்து அடுப்படியில் பால் குடித்தது. அந்த அடுப்படிகள் எத்தனை வறுமைப்பட்டவை என்பதை விசாரணைப் பதிவுகளே காட்டிக்கொடுக்கின்றன.

பதினைந்து, பதினாறு வருடம் வளர்த்த பிறகு, எலிசபெத் அந்தப் பூனையைப் பக்கத்து வீட்டு ஆக்னஸ் வாட்டர்ஹவுஸுக்குக் கொடுத்துவிட்டாள். பதிலுக்கு வாங்கியது ஒரு கேக். அறுபதைத் தாண்டிய ஆக்னஸ், ஒரு பானையில் ஆட்டு ரோமத்தைப் பரப்பி, அதற்குள் பூனையைப் படுக்க வைத்தாள். பிறகு அதைத் தேரையாக மாறச் சொன்னாள். ஏன் தெரியுமா? பானையில் கிடந்த ரோமம் அவளுக்குத் தேவைப்பட்டது. வறுமைதான் காரணம் என்று வாக்குமூலமே சொல்கிறது. ஏவியதைச் செய்யும் பிசாசு கையில் இருந்தும், ஒரு கை ரோமத்துக்கு வழியில்லை! இந்த வரியைப் படித்த எந்த நீதிபதிக்கும் சந்தேகம் வந்திருக்க வேண்டும். வரவில்லை.

அவளுக்கு எதிராக முக்கியச் சாட்சி சொன்னவள் ஆக்னஸ் பிரௌன் என்ற 12 வயதுச் சிறுமி. வாட்டர்ஹவுஸின் மகள் ஜோன் ஒருநாள் ரொட்டியும் பாலாடைக்கட்டியும் கேட்டு வந்தாள். சிறுமி கொடுக்கவில்லை. அடுத்து அவள் வெண்ணெய் கடைந்துகொண்டிருந்தபோது ஒரு கறுப்பு நாய் வந்தது. குரங்கு முகம், தலையில் கொம்பு, கழுத்தில் வெள்ளி விசில், வாயில் பால் அறையின் சாவி. வந்து நின்று, “வெண்ணெய் கொடு” என்றதாம். இல்லையென்று அனுப்பிய வீட்டில் பிறகு எது நடந்தாலும், கேட்டு வந்தவள் மேல் பழி விழுந்தது. எஸ்ஸெக்ஸ் வழக்குகளைத் தொடர்ந்து படித்தால் இந்தக் கண்ணி திரும்பத் திரும்ப வரும்.

ஜோன் விடுதலையானாள். எலிசபெத்துக்கு ஓராண்டுச் சிறை. ஆக்னஸ் வாட்டர்ஹவுஸ் 1566 ஜூலை 29 அன்று தூக்கிலிடப்பட்டாள். (இங்கிலாந்தில் சூனியத்துக்குத் தண்டனை தூக்குதான். உயிரோடு எரித்தது பிற நாடுகளில்.)

அப்போதிருந்த சட்டம் 1563-இல் வந்தது. அதன்படி, சூனியத்தால் ஓர் உயிர் போனதாக நிரூபித்தால் முதல் குற்றத்திலேயே மரண தண்டனை. மன்னர் முதலாம் ஜேம்ஸ் காலத்தில், 1604-இல், சட்டம் இறுகியது. தீய ஆவியோடு உடன்படிக்கை செய்தாலோ, அதை ஏவினாலோ, அதற்கு உணவு கொடுத்தாலோ, யாருக்கும் எந்தத் தீங்கும் நேராவிட்டாலும், மரணம்தான். தனியாக வாழ்ந்த கிழவி ஒரு பூனைக்குப் பால் வைத்தது அன்று முதல் தூக்குமேடைக்கு வழியாயிற்று.

அந்த வழியை முழுசாகப் பயன்படுத்தியவன், சூனியக்காரிகளைத் தேடிப் பிடித்த மேத்யூ ஹாப்கின்ஸ். உள்நாட்டுப் போரில் நாடு கிழிந்து கிடந்த 1645. மானிங்ட்ரீ என்ற சிற்றூரில் எலிசபெத் கிளார்க் என்ற முதியவளைப் பிடித்தார்கள். அவளுக்கு ஒரு கால்தான். சித்திரவதைக்கு ஆங்கிலச் சட்டம் இடம் தரவில்லை. ஆனால், தூங்க விடாமல் உட்கார வைப்பதை யாரும் சித்திரவதையாகக் கணக்கில் எடுக்கவில்லை. உடம்பில் மரு, மச்சம் எது இருந்தாலும் ஆவி ரத்தம் குடிக்கும் முலைக்காம்பு என்றார்கள். நடு அறையில் உட்கார வைத்து, அவளுடைய ஏவல் ஆவி ரத்தம் குடிக்க வருகிறதா என்று இரவெல்லாம் காவல் இருந்தார்கள். இந்த முறையைக் கண்டித்து எழுதிய பாதிரியார் ஜான் கௌல் ஒரு விவரம் தருகிறார்: ஆவி உள்ளே வரக் கதவில் சின்ன ஓட்டை போடுவார்கள். ஈயோ சிலந்தியோ கண்ணில் பட்டால் அடிக்க வேண்டும். அடிபடாமல் தப்பினால் அதுதான் ஆவி!

நான்காம் இரவு கிளார்க் பெயர் சொல்லத் தொடங்கினாள். ஹோல்ட், வெள்ளைப் பூனைக்குட்டி. ஜார்மாரா, கால்களே இல்லாத கொழுத்த நாய். வினிகர் டாம், வேட்டைநாய் உடலும் மாட்டுத் தலையும் கொண்டது. சாக் அண்ட் சுகர், கறுப்பு முயல். நியூஸ், மரநாய் போன்றது. இவற்றைக் கண்ணால் பார்த்ததாகவே 1647-இல் வெளியிட்ட நூலில் ஹாப்கின்ஸ் எழுதினான். வேறு பெண்கள் சொன்ன பைவாக்கெட் போன்ற பெயர்களை மனிதர் யாரும் கற்பனை செய்திருக்க முடியாது என்றும் வாதிட்டான். எனக்கு அப்படித் தோன்றவில்லை. சாக் என்பது அன்றைய ஒயின். அதில் சர்க்கரை கலந்து குடிப்பது வழக்கம். வினிகர் எல்லார் வீட்டிலும் உண்டு. வளர்ப்புப் பிராணிகளுக்குச் செல்லமாக வைக்கிற பெயர்கள் வேறு எப்படி இருக்கும்? மூன்று இரவு தூங்காத ஒருத்தி, வாயில் வந்ததைச் சொல்லியிருக்கிறாள்.

கிளார்க்கைத் தூக்கிலிட்டார்கள். 1645 ஆகஸ்ட் 27 அன்று பரி செயின்ட் எட்மண்ட்ஸில் ஒரே நாளில் 18 பேர். அவர்களில் ஒருவர் ஜான் லோவ்ஸ், வயது முதிர்ந்த பாதிரியார். அவரையும் தூங்க விடாமல், மூச்சு வாங்க அறைக்குள் ஓட விட்டே ‘ஒப்புதல்’ வாங்கினார்கள். தனக்கான இறுதிச் சடங்கு ஜெபத்தை அவரே சொல்லிக்கொண்டார். இந்த வேலைக்காக ஹாப்கின்ஸுக்கு ஊர்கள் பணம் கொடுத்தன. ஸ்டோமார்க்கெட் மட்டும் 23 பவுண்டு கொடுத்தது.

1736-இல் அந்த 1604-ஆம் ஆண்டுச் சட்டம் ஒழிந்தது. மக்கள் மனத்திலிருந்து சூனிய பயம் ஒழியவில்லை. டிரிங் என்ற ஊருக்குப் பக்கத்தில், ரூத் ஆஸ்போர்ன் என்ற ஏழை மூதாட்டி ஒரு பண்ணைக்காரரிடம் மோர் கேட்டிருந்தாள். அவர் கொடுக்கவில்லை. பிறகு அவருடைய கன்றுகள் நோயில் விழுந்தன. 1751 ஏப்ரலில் ஒரு கும்பல் அவளைக் குளத்தில் இழுத்துப் போட்டு அமிழ்த்திக் கொன்றது. இம்முறை நீதிமன்றம் அவள் பக்கம் நின்றது. கும்பலை நடத்திய தாமஸ் கோலி அந்த ஆகஸ்டில் கொலைக் குற்றத்துக்காகத் தூக்கிலிடப்பட்டான்.