நூறு பறவைக்கு இருபது பவுண்ட்

நவம்பர் மாதத்து வெள்ளிக்கிழமை சாயங்காலம். லண்டனில் ஒரு ஏடிஎம் வாயிலிருந்து அந்த நோட்டு வெளியே வருகிறது. 139 மில்லிமீட்டர் நீளம், 73 அகலம், ஊதாச் சாயல், வழவழவென்ற பாலிமர். எடுத்தவர் மறுநாள் நார்ஃபோக் பக்கம் ஓர் எஸ்டேட்டுக்கு ஃபெசன்ட் பறவை சுடப் போகிறார். துப்பாக்கி, தோட்டா, ட்வீட் கோட்டு, ரப்பர் பூட்ஸ் எல்லாம் காரில் ஏறிவிட்டன. அங்கே பறவைகளை வளர்த்துக் காக்கும் கேம்கீப்பருக்கு டிப்ஸ் கொடுக்க ரொக்கம்தான் பாக்கி. நாள் முடிவில் கையில் இருபது பவுண்ட் நோட்டுகள் இல்லாமல் நிற்பதுபோல் ஒரு சங்கடம் அந்த வட்டாரத்தில் வேறில்லை. சுற்றுவட்டாரத்தில் ஏடிஎம்மும் இருக்காது.

நோட்டின் பின்புறத்தில் ஓவியர் டர்னரின் முகம். 2020 பிப்ரவரியில் வெளியான நோட்டு இது. டர்னரை அச்சிட்டவர்கள் வேட்டையை நினைத்து அச்சிடவில்லை என்றாலும், ஆளுக்கு அந்த உலகத்தோடு நல்ல பழக்கம் இருந்தது. யார்க்ஷயரில் நண்பர் வால்டர் ஃபாக்ஸின் ஃபார்ன்லி மாளிகையில் பல தடவை தங்கியவர் அவர். ஓட்லி செவின் மலையில் உட்காக் சுடுவதையும், பீம்ஸ்லி பீக்கன் குன்றில் கிரவுஸ் சுடுவதையும் அவர் வரைந்த நீர்வண்ணப் படங்கள் இன்றும் லண்டன் வாலஸ் கலெக்‌ஷனில் இருக்கின்றன.

சனிக்கிழமை காலை நோட்டு ட்வீட் கோட்டின் உள்பையில் போய் உட்கார்கிறது. சுடுபவர்கள் எட்டுப் பேர். குலுக்கல் முறையில் ஆளுக்கொரு எண் எடுக்கிறார்கள். வரிசையாக நட்ட எட்டு முளைகளில் யார் எங்கே நிற்பது என்பதை அந்த எண் சொல்லும். பறவைகளை விரட்டிவிடும் ஒவ்வொரு சுற்றும், அதாவது டிரைவ், முடிந்ததும் இரண்டிரண்டு இடம் தள்ளி நிற்பார்கள், நல்ல இடம் ஒருவருக்கே போய்ச் சேராமல் இருக்க.

நோட்டு பைக்குள் சும்மா இருக்கும் இந்த நேரத்தில், அதைச் சம்பாதிக்கப் போகிறவர் முந்நூறு, நானூறு கஜம் தள்ளி ஒரு தோப்புக்குள் நிற்கிறார். கையில் தடி, காதோரம் வாக்கி டாக்கி. இரண்டு பக்கமும் ஊர்க்காரர்கள் இருபது பேர் வரிசை கட்டி, தடியால் மரத்தைத் தட்டியபடி மெல்ல முன்னேறுகிறார்கள். கேம்கீப்பர் கையை உயர்த்தினால் வரிசை அப்படியே நின்றுவிடும். இந்த நிறுத்தத்தில்தான் தொழிலே இருக்கிறது. அவசரப்பட்டால் ஐம்பது பறவை ஒரே நேரத்தில் கிளம்பிவிடும். சுடுபவர்கள் இரண்டு குண்டு போட்டுவிட்டு, தோட்டா மாற்றுவதற்குள் எல்லாம் தலைக்கு மேலே போய்விடும். இரண்டும் மூன்றுமாக, தொடர்ச்சியாக, உயரமாகக் கிளப்ப வேண்டும். காற்று எந்தப் பக்கம், வெயில் யார் கண்ணில் அடிக்கிறது, எந்த மூலையில் பறவை ஒண்டியிருக்கும் என்பதெல்லாம் அவர் தலைக்குள் ஓடிக்கொண்டிருக்கும்.

அது ஒரு நாள் வேலையும் இல்லை. குஞ்சுகள் ஆறேழு வார வயதில், கோடைக்காலத்தில் காட்டுக் கூண்டுக்கு வரும். பிரிட்டனில் ஆண்டுதோறும் இப்படி விடப்படும் ஃபெசன்ட் மூன்று கோடிக்கு மேல் என்கிறார்கள். அன்றிலிருந்து நரிக்குக் காவல், மழைக்குக் காவல், கோதுமை போடுவது, பக்கத்து நிலத்துக்கு நடந்து போகும் பறவைகளை நாயை விட்டுத் திருப்பிக் கொண்டுவருவது. அக்டோபர் 1-ம் தேதி சீசன் தொடங்கும்வரை அவர் செய்வதெல்லாம் உயிரோடு வைத்திருக்கும் வேலை.

டிப்ஸாகப் போகும் இந்த நோட்டுக்கு நீண்ட வம்சாவளி உண்டு. 18-ம் நூற்றாண்டில் பெரிய மாளிகைக்கு விருந்துக்குப் போனவர் கிளம்பும்போது வேலைக்காரர்கள் வாசலில் வரிசையாக நிற்பார்கள். தொப்பி எடுத்துத் தந்தவருக்கு, கோட்டு மாட்டிவிட்டவருக்கு, குதிரை பிடித்தவருக்கு என்று தனித்தனியாக அழ வேண்டும். ஓசிச் சாப்பாடு, சத்திரத்துச் சாப்பாட்டைவிடச் செலவு வைத்தது. கொடையாளர் ஜோனாஸ் ஹான்வே இதை எதிர்த்து எழுதினார். வழக்கத்தை நிறுத்த முதலாளிகள் முனைந்தபோது 1764-ல் லண்டன் ரானெலா பூங்காவில் ஏவலாட்கள் கலவரமே செய்தார்கள். வரிசை கலைந்தது, காசு கலையவில்லை. பெரிய வீட்டில் தங்கிப் போகும் விருந்தாளி கேம்கீப்பரைக் கவனிக்காமல் போக முடியாது என்ற நிலை அப்படியே இருந்தது.

அப்போது தங்கக் காசு. அரை சாவரின், ஒரு சாவரின் (அதாவது ஒரு பவுண்ட்). கைகுலுக்கலுக்கென்றே வார்த்ததுபோல் சின்னதாக, கனமாக, சத்தமில்லாமல் இடம் மாறும். இங்கிலாந்தில் அன்றைக்கு பேங்க் ஆஃப் இங்கிலாந்தின் மிகச் சிறிய நோட்டே 5 பவுண்ட். அதனால் பெரிய எஸ்டேட்டின் கேம்கீப்பருக்குத் தாள்தான் வேண்டும், தங்கம் வேண்டாம் என்று கேலிக் கதைகள் உலவின. 1914-ல் போர் வந்ததும் தங்கம் புழக்கத்திலிருந்து போயிற்று. ஒரு பவுண்ட், பத்து ஷில்லிங் தாள்கள் வந்தன.

அந்தப் போருக்கு முந்தைய சீசனில்தான் இந்த வேட்டையின் உச்சம். 1913 டிசம்பர் 18 அன்று பீக்கன்ஸ்ஃபீல்டுக்கு அருகே ஹால் பார்னில், ஐந்தாம் ஜார்ஜ் மன்னரும் மற்ற விருந்தாளிகளும் ஒரே நாளில் 3,937 ஃபெசன்ட்களைச் சுட்டார்கள். கொஞ்சம் அதிகமாகத்தான் போய்விட்டோம் என்று மன்னரே திரும்பும் வழியில் மகனிடம் சொன்னாராம். இன்றைய டிப்ஸ் கணக்கை அங்கே போட்டால் தலைக்கு எழுநூற்றெண்பது பவுண்டாவது அவிழ்க்க வேண்டியிருக்கும்!

அந்தக் கணக்குதான் என்னை உறுத்துகிறது. பல காலமாகப் புழங்கியது: முதல் நூறு பறவைக்கு இருபது பவுண்ட், அதற்கு மேல் ஒவ்வொரு நூறுக்கும் பத்து. விலைவாசியை முன்னிட்டு இப்போது ஒவ்வொரு நூறுக்கும் இருபது என்கிறார்கள். ஒருவர் சுட்ட எண்ணிக்கை அல்ல. எட்டுப் பேரும் சேர்ந்து வீழ்த்திய மொத்தம். இருநூறு விழுந்தால் ஆளுக்கு நாற்பது. கேட்க நியாயமாகத்தான் தெரிகிறது. ஆனால் நல்ல கேம்கீப்பர் என்றால் யார்? பறவையை உயரமாக, வேகமாக, சுடக் கஷ்டமாகப் பறக்க வைப்பவர். சாதாரணமாக மூன்று நான்கு தோட்டாவுக்கு ஒரு பறவை விழும். அவர் வேலை சுத்தமாக இருந்தால் ஆறேழு தோட்டா போட்டும் ஒன்றுதான் விழும். வந்தவர்கள் அதைத்தான் வாழ்நாள் முழுக்கச் சொல்லி மகிழ்வார்கள். கணக்குப்படியோ அவருக்குக் கூலி குறையும். தாழப் பறக்கிற சோம்பேறிப் பறவைகளை மூஞ்சிக்கு நேராக விரட்டிவிட்டவருக்குக் கை நிறையும். மூடுபனி இறங்கி மதியமே நிறுத்த நேர்ந்தாலும், வந்தவர்கள் குறி தவறியே நாளைக் கழித்தாலும் டிப்ஸைக் குறைக்கக் கூடாது என்று அனுபவசாலிகள் சொல்கிறார்கள். எண்ணிக்கை ஒரு சாக்கு என்பது அவர்களுக்கும் தெரியும் போலிருக்கிறது.

இன்னொன்றையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். எஸ்டேட்டுக்கு இந்த விருந்தாளிகள் ஒரு பறவைக்கு 40, 50 பவுண்ட் கட்டித்தான் வந்திருக்கிறார்கள். இருநூறு பறவை நாள் என்றால் ஆளுக்கு ஆயிரமோ அதற்கு மேலோ ஏற்கெனவே போயிற்று. நாற்பது பவுண்டுக்கு யோசிப்பவர் அந்த ஆயிரத்துக்கு யோசித்திருக்க மாட்டார். கேம்கீப்பருக்கு வீடு உண்டு, ட்வீட் சூட் உண்டு. சம்பளம் மட்டும் பெரிதாக இருக்காது. வேலை போனால் வீடும் போகும்.

நாலு மணிக்கு இருட்டிவிடுகிறது. கார்களுக்குப் பக்கத்தில் வண்டி. அதில் பறவைகள் ஜோடி ஜோடியாகத் தொங்குகின்றன. ஒரு சேவல், ஒரு பெட்டை, கழுத்தில் சணல் கயிறு. சேவலின் செம்பு நிறம் டார்ச் வெளிச்சத்தில் மின்னுகிறது. பெட்டை காய்ந்த இலை நிறம். நம் விருந்தாளி ஓரமாகத் திரும்பி நோட்டுகளை நாலாக மடிக்கிறார். பாலிமர் மடிப்பு நிற்காது; விட்டால் விரிந்துகொள்ளும். கட்டைவிரலால் உள்ளங்கையோடு அழுத்திப் பிடித்தபடி நடக்கிறார். கையுறை கழற்றியாயிற்று.

“அருமையான நாள். அந்த மூணாவது டிரைவ்ல ஒண்ணைக்கூட என்னால தொட முடியல.”

“காத்து நல்லா கெடச்சுது சார். பத்திரமா போய்ட்டு வாங்க.”

குலுக்கிய கை பிரியும்போது நோட்டு கை மாறிவிட்டது. கேம்கீப்பர் குனிந்து பார்க்கவில்லை. கை தானாகக் கோட்டுப் பைக்குள் போய் வருகிறது. மறு கையில் ஒரு ஜோடிப் பறவையை நீட்டுகிறார். நம்மூரில் மொய் என்றால் பெயர், ஊர், தொகை மூன்றும் நோட்டுப் புத்தகத்தில் ஏறும். இங்கே எவ்வளவு என்று யாரும் சத்தமாகச் சொல்லக் கூடாது, எண்ணக் கூடாது. ஆனாலும் கொடுக்காதவர் பெயர் மறக்கப்படாது. பறவையை வேண்டாம் என்று சொல்வதும் மரியாதை இல்லை. நகரத்துக்காரர்களில் பலருக்கு இறகு பிடுங்கத் தெரியாது. வாங்கிக்கொண்டுதான் போக வேண்டும்.

இரவு, கேம்கீப்பர் வீட்டு அடுக்களை மேசையில் நோட்டுகள் விரிகின்றன. எட்டுப் பேர், முந்நூற்றிருபது பவுண்ட், எல்லோரும் கணக்குப்படி கொடுத்திருந்தால். இதில் உதவி கேம்கீப்பர்களுக்குப் பங்கு போக வேண்டும். எவ்வளவு என்பது தலைமை கேம்கீப்பரின் மனசைப் பொறுத்தது. பாதியை வைத்துக்கொண்டவர்களைப் பற்றியும் பேச்சு உண்டு, சமமாகப் பிரித்தவர்களைப் பற்றியும் உண்டு. தடி தட்டிய ஊர்க்காரர்களுக்கு எஸ்டேட் நாள்கூலி கொடுத்துவிடும். சீசன் கடைசியில் அவர்களே சுடுவதற்கென்று ஒரு நாள் விடுவார்கள்.

சட்டமும் இந்த மேசைவரை எட்டிப் பார்க்கிறது. டிப்ஸ் வருமானம்தான், வரி உண்டு. கையில் ரொக்கமாக வாங்கியவர் தானே கணக்குக் காட்ட வேண்டும். டிப்ஸை முதலாளி தொடாமல் தொழிலாளிக்கே தர வேண்டும் என்ற 2023-ம் ஆண்டுச் சட்டம் 2024 அக்டோபர் 1 அன்று நடைமுறைக்கு வந்தது. தற்செயலாக ஃபெசன்ட் சீசன் தொடங்கும் அதே தேதி. முதலாளியின் கைபடாமல் உள்ளங்கைக்குள் போகும் நோட்டுக்கு அதனால் பெரிய மாற்றமில்லை. பணமே எடுத்து வராத விருந்தாளிகள்தான் இப்போது புதுத் தலைவலி. போனைக் காட்டி, அக்கவுண்ட் நம்பர் கேட்கிறார்கள். கைகுலுக்கல் வெறும் கைகுலுக்கலாக முடிகிறது.

நம் நோட்டு உதவி கேம்கீப்பரின் பங்கில் போயிற்று. திங்கட்கிழமை காலை அவர் ஊர்க் கடையில் நாய்த் தீனியும் பாலும் வாங்கி அதை நீட்டுகிறார். நாலாக மடித்த தடம் இன்னும் இருக்கிறது. கடைக்காரர் அதை விரல்களால் நீவி, கல்லாவில் போட்டுக்கொண்டே கேட்கிறார்: “சனிக்கிழமை இருநூறு தாண்டிச்சா?”