சுற்றி வரும் வீதியும் ஓடிப்போகும் ரோடும்

கோவில்பட்டியில் வழி கேட்டால் எட்டயபுரம் ரோடு, கடலையூர் ரோடு, பசுவந்தனை ரோடு, மந்தித்தோப்பு ரோடு, இளையரசனேந்தல் ரோடு என்று சொல்வார்கள். எல்லாம் வேற்றூரின் பெயர்கள். சங்கரன்கோவிலில் கேட்டால் கிழக்கு ரத வீதி, தெற்கு ரத வீதி என்று கோயிலை வைத்தே திசை சொல்வார்கள். ஓரிடத்தில் தெரு எங்கே போகிறது என்பது பெயராகிறது; மற்றதில் எதைச் சுற்றி வருகிறது என்பது. இரண்டு ஊர்களும் விரிந்த விதம் இந்தப் பெயர்களிலேயே ஒளிந்திருக்கிறது.

இரண்டையும் பார்க்க வாகான ஊர் இளையரசனேந்தல். பழைய ஜமீன் ஊர். நெடுங்காலம் சங்கரன்கோவில் வட்டத்தில் இருந்தது; ஆனால் ரயிலுக்கும் கடைகண்ணிக்கும் கோவில்பட்டிதான் பக்கம். 2008-இல் இந்த ஊரின் குறுவட்டம் கோவில்பட்டி இருக்கும் தூத்துக்குடி மாவட்டத்துக்கு மாறியது. வருவாய்க் கணக்கு கோவில்பட்டிக்குப் போன பிறகும் ஊராட்சிக் கணக்கு பல ஆண்டுகள் பழைய பக்கத்துக் குருவிகுளம் ஒன்றியத்திலேயே இருந்தது. அலுவலகக் கோடுகள் எப்படிப் போனாலும் சனங்களின் கால்கள் ரோடு போன பக்கம்தான் போயின.

முதலில் ரத வீதி. தேருக்குப் பின்னோக்கிப் போகத் தெரியாது. கிளம்பினால் சுற்றி நிலைக்கு வந்தாக வேண்டும். அதனால் தேரோடும் வீதியில் முட்டு இருக்க முடியாது. நான்கு முக்கிலும் வடம் பிடித்தவர்கள் தேரைத் திருப்ப இடம் வேண்டும். இந்த ஒரு தேவையே ஊருக்குச் சட்டகம் போட்டுக் கொடுத்துவிட்டது. பிற்பாடு வந்த தெருவும் முடுக்கும் அந்தச் சட்டகத்தில் வந்து சேர்ந்தன. ஆடித் தபசன்று கோமதி அம்மனைக் காணத் தெற்கு ரத வீதியில் கூடும் கூட்டம் வந்ததும் தெரியாமல் போனதும் தெரியாமல் கரைவதற்கு இதுதான் காரணம்: ஒரு வழி அடைத்தால் இன்னொரு வழி.

அடுத்து ரோடு. கோவில்பட்டியிலும் செண்பகவல்லி அம்மன் கோயில் உண்டு, அதைச் சுற்றித் தெருக்கள் உண்டு. ஆனால் ஊரைப் பெருக்கியவை 1876-இல் திறந்த மதுரை - தூத்துக்குடி ரயில்பாதையும், அதன் பின்னால் வந்த பருத்தி ஆலைகளும், தீப்பெட்டித் தொழிலும், நெடுஞ்சாலையும். வேலை தேடி வந்தவர்கள் ரோட்டு ஓரத்தில் குடியேறினார்கள். ஊர் வட்டமாக வளரவில்லை. கை விரல்களைப் போல நீண்டது. விரல்களுக்கு இடையிலிருந்த கரிசல் காடுகள் பின்னர் மனைகளாயின.

மனைப் பிரிவுகளில்தான் சிக்கல் தொடங்குகிறது. புரோமோட்டர் ஒரு சர்வே எண்ணை வாங்குகிறார். மெயின் ரோட்டிலிருந்து உள்ளே ஒரு ரோடு போடுகிறார். இருபுறமும் கல் நடுகிறார். நிலம் முடியும் இடத்தில் ரோடும் முடிகிறது. அடுத்த காட்டை வாங்கியவரும் அதையே செய்கிறார். இரண்டு பிரிவுக்கும் நடுவே ஒரு வேலிதான். ஆனால் இந்தப் பக்கத்து வீட்டுக்காரர் பின்வீட்டுக்குப் போக வேண்டுமானால் மெயின் ரோட்டுக்கு வந்து, கொஞ்ச தூரம் போய், மறுபடி உள்ளே நுழைய வேண்டும். குரல் கேட்கும் தூரத்துக்கு வண்டியை எடுக்க வேண்டியிருக்கிறது. பஸ் உள்ளே வராது, திரும்ப இடமில்லை. பள்ளிக்கூடப் பிள்ளை, பால்காரர், ஆம்புலன்ஸ் எல்லாரும் ஒரே வாயில் வழியாகத்தான் போய்வர வேண்டும்.

அந்த ஒரே வழியும் அடைபட்டால்? இளையரசனேந்தல் ரோடே சாட்சி. கோவில்பட்டியில் அது ரயில்பாதையைச் சுரங்கப்பாதை வழியாகக் கடக்கிறது. பெருமழை பெய்தால் அங்கே தண்ணீர் தேங்குகிறது. மேற்கே போகிறவர்கள் சுற்ற வேண்டியதுதான். ரத வீதியில் சுற்றுவது வழக்கம். ரோட்டில் அது தண்டனை.

இது நம் ஊர்க் கதை மட்டுமல்ல. கிறிஸ்டோபர் பாரிங்டன்-லீ, ஆடம் மில்லார்ட்-பால் என்ற இரு ஆய்வாளர்கள் 2020-இல் உலகத் தெருக்களை எல்லாம் அளந்து பார்த்தார்கள். ஒரு சந்திப்பில் எத்தனை தெரு கூடுகிறது, எத்தனை தெரு முட்டி நிற்கிறது என்பது அவர்கள் கணக்கில் முக்கியமானது. 1975-க்குப் பிறகு உலகின் பெரும்பகுதியில் புதுத் தெருக்களின் இணைப்பு குறைந்துகொண்டே வருகிறது என்பது அவர்களின் முடிவு. வீட்டை இடித்துக் கட்டலாம். தெருவை மாற்ற முடியாது, ஒருமுறை போட்டால் தலைமுறைகளுக்கு நிற்கும் என்பதையும் வற்புறுத்தினார்கள். மதில் சூழ்ந்த பெரும் குடியிருப்புகளைக் கட்டிக் குவித்த சீனா, 2016-இல் இனி அப்படிக் கட்டக் கூடாது, குறுகிய தெருக்களை நெருக்கமாகப் போட வேண்டும் என்று தன் நகரங்களுக்கு வழிகாட்டியது.

இதையெல்லாம் வைத்து ரத வீதிக்கு ஆரத்தி எடுத்துவிட முடியாது. சங்கரன்கோவிலுக்கும் கோவில்பட்டிக்கும் இடையில் கழுகுமலை இருக்கிறது. அங்கே தேர்வீதியில் யார் ஊர்வலம் போகலாம் என்ற தகராறு 1895-இல் உயிர்ப்பலி வாங்கிய கலவரமாக வெடித்தது. வரைபடத்தில் வீதிகள் சேர்ந்துதான் இருந்தன. சாதி அவற்றைப் பூட்டி வைத்திருந்தது. வழி இருப்பது வேறு, வழிவிடுவது வேறு. ரோட்டோர மனை இந்த வகையில் ஒரு விடுதலையும் தந்தது: பழைய தெருவில் இடம் கிடைக்காதவருக்கும் கையில் காசிருந்தால் சொந்த வீடு கட்ட ஒரு மனை கிடைத்தது.

ஆகவே கேள்வி பழையதா புதியதா என்பதல்ல. ரத வீதியின் சேர்க்கையும் மனைப் பிரிவின் எட்டும் விலையும் ஒன்றாக வர முடியாதா என்பதுதான். வழி இருக்கிறது. அனுமதியில்லாத மனைகளைப் பதியக் கூடாது என்று 2016-இல் சென்னை உயர் நீதிமன்றம் தடை விதித்த பிறகு, மனைக்கு ஒப்புதல் உண்டா என்று கேட்கும் பழக்கம் பலருக்கும் வந்துவிட்டது. ஒப்புதல் கொடுக்கும்போது ரோட்டின் அகலம் பார்க்கிறார்கள், பூங்காவுக்கு இடம் பார்க்கிறார்கள். கூடவே இன்னொன்றும் பார்க்கலாம்: இந்த ரோடு அடுத்த சர்வே எண்ணின் எல்லையைத் தொடுகிறதா, நாளை அங்கே வரப்போகும் ரோட்டோடு சேருமா? பத்திரத்துக்குப் பணம் கட்டுகிறவர் கேட்க வேண்டிய கேள்வியும் அதுவே.

இளையரசனேந்தலைச் சுற்றி இன்னும் கரிசல் காடு மிச்சம் இருக்கிறது. கோவில்பட்டியின் விரல் அந்தப் பக்கமும் நீளத்தான் போகிறது. அங்கே நடும் கல்லுக்கு ஓர் அளவுகோல் போதும்: தேர் வராத தெருவானாலும், வந்தால் திரும்பிப் போக வழி இருக்குமா?